அப்பமாவும் வைஃபை மாப்பிள்ளையும்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, தங்கச்சி, இரண்டு வாளி அப்பமா. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், எங்களுக்கு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர். பனி விழத் தொடங்கியதும் புளோரிடாவுக்குப் பறந்து, பனி கரைந்த பிறகு திரும்பிவருகிற பறவை இனத்தைச் சேர்ந்தவர். மற்றவன் நான். குற்றவாளி சம்பவ இடத்தில் இல்லாமலே காரியம் நடந்துவிடுவது பொலிஸ் கதைகளில் உண்டு. எங்கள் வீட்டில் அது மொன்றியலுக்கு அக்கரையில் இருக்கிற லொங்குய்யில், ஒரு பெப்ரவரி சனிக்கிழமை, நல்ல வெளிச்சத்தில் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படிக்கப் போன முதல் ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. (பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் கதை முடியும்போது அதில் ஒன்றும் மிஞ்சாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அப்பா மட்டக்களப்பில் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். அம்மா அவரைவிட இரண்டு வகுப்புக் கூட, அதை அவ்வப்போது ஞாபகப்படுத்துவார். நான் கொலிஜில் மின்னணுவியல் படிக்கப்போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் எது பழுதானாலும் வழக்கு என்னிடம்தான் வரும். ரி.வி. றிமோட் வேலை செய்யாவிட்டால் "அவன் வரட்டும், படிச்சவன்" என்று அப்பா அதை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நான் வந்து பற்றரியை மாற்றிவிட்டுக் கையைத் துடைக்கிற தோரணையைப் பார்த்தால், இதயச் சத்திரசிகிச்சை முடித்து வெளியே வருகிற டொக்டரே கூச்சப்படுவார்.

இப்படிப்பட்டவனிடம்தான் அம்மாவின் அப்பமா சிக்கியது.

அம்மா அப்போது டவுன்டவுனில் அலுவலகக் கட்டடங்களை இரவில் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நாங்கள் எழும்பும் நேரத்தில் அவர் வீட்டுக்கு வருவார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவார், கேட்டால் "குளிர்தான் மனே" என்பார். கோடைகாலத்திலும் அதே பதில்தான். அந்த வேலையை விடவேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஸ்டெல்லா அன்ரி ரெலிபோன் எடுத்த நாளில், அதை வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அம்மா சும்மா நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா அன்ரி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சனம் சாப்பிடுகிற சாப்பாடு முழுவதும் அவர் பொறுப்பு. அவருடைய தம்பியின் குழந்தைக்கு ஞானஸ்நானம், அவர்தான் ஞானத்தாய். எங்கள் அம்மாவின் அப்பத்தை யாரோ வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். சனிக்கிழமை பின்னேர விருந்துக்கு எண்பது பேருக்கு அப்பம் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. "அக்கா, இது நல்லா வந்துதெண்டா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை உங்களிட்டயே தாறன். பேந்து நீங்கள் இரவு வேலைக்கு ஓடத் தேவையில்லை" என்றார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. மா புளிக்க வேண்டும்.

பெப்ரவரியில் மொன்றியலில் மா தானாகப் புளிக்காது. ஈஸ்ட் போட்டாலும் குளிரில் சுருண்டு படுத்துவிடும். நம்மவர்கள் சட்டியை ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, விடியும்வரை கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு சட்டி என்றால் அது சரி. எண்பது பேருக்கான மா இரண்டு பெரிய வாளி. எங்கள் ஓவனுக்குள் ஒரு வாளியின் பாதிகூடப் போகாது. அம்மா ஓவனையும் வாளியையும் மாறிமாறிப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். "நான் ஒரு பெட்டி செய்து தாறன்மா. சூடு கூடினா தானா நிக்கும், குறைஞ்சா தானா எரியும்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், றிமோட்டைப் பார்க்கிற அதே பார்வை. "படிச்ச பிள்ளை சொல்லுது" என்றார். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

பெட்டி சுலபம். மீன் கடையில் மீன் அனுப்புகிற, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று சும்மா தந்தார்கள். (மணம் போகக் கழுவியது அப்பா.) பனிக்காலத்தில் விதை முளைக்கவைக்கத் தொட்டிக்குக் கீழே விரிப்பார்களே, சூடாகிற பாய், அதை அடியில் போட்டேன். வெப்பம் பார்க்க ஒரு குட்டிக் கம்பி. மிஞ்சியது மூளை. வெப்பத்தைப் பார்த்துப் பாயை எரிய விடுவதா அணைப்பதா என்று முடிவெடுக்கிற சின்னக் கொம்பியூட்டர் பலகை. மைக்ரோகொன்ட்ரோலர் என்பார்கள். எதைத் தெரிவு செய்வது?

இதில் இறங்கியவர்களுக்குத் தெரியும், இது ஒரு சாதிச் சண்டை மாதிரி. ஆகவே பெயர் சொல்லமாட்டேன். என் மேசையில் மூன்று பலகைகள் இருந்தன. நான் அவற்றுக்குப் பொருத்தம் பார்த்தேன். உண்மையாகவே ஒரு தாளில் கட்டம் போட்டுப் பார்த்தேன். தங்கச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு மாப்பிள்ளை தேடுற?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கும் அவை மாப்பிள்ளைகளாகவே தெரிந்தன.

முதலாவது, பெரிய நீலம். கொலிஜில் முதல் தவணையில் எல்லோர் கையிலும் கொடுக்கிற பலகை. நல்ல குடும்பம், பிழை செய்தாலும் கோபிக்காது, எதைக் கேட்டாலும் இணையத்தில் ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள். ஆனால் ஆள் அகலம். நான் மூளையை ஒரு பழைய மிட்டாய் டப்பாவுக்குள் அடக்கிப் பெட்டியில் ஒட்டுவதென்று வைராக்கியம் வைத்திருந்தேன். நீலம் அதற்குள் போகாது. தள்ளுபடி.

இரண்டாவது, கட்டைவிரல் அளவு. டப்பாவுக்குள் போட்டு ஆட்டினால் சத்தம் கேட்கும், அவ்வளவு இடம் மிஞ்சும். பேச்சு இல்லை, இணையம் இல்லை, ஒரு வேலை கொடுத்தால் அந்த ஒரு வேலையைச் செய்துகொண்டு மூலையில் கிடக்கும். நேரத்துக்கு வேலைக்குப் போய், நேரத்துக்கு வந்து, சோற்றில் உப்பில்லாவிட்டாலும் சொல்லாமல் சாப்பிடுகிற மாப்பிள்ளை. இப்படிப்பட்டவனைப் பார்த்துவிட்டு எந்தப் பெண் வீட்டாரும் "பார்த்துச் சொல்றம்" என்றுதான் எழும்புவார்கள்.

மூன்றாவது, வைஃபைக்காரன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, டப்பாவுக்குள் கச்சிதமாக உட்காருகிறான். வேகம் அதிகம். வீட்டு வைஃபையோடு பேசி, பெட்டியின் வெப்பத்தை உலகத்தில் எங்கிருந்தாலும் என் ரெலிபோனில் காட்டுவான். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. மெத்ரோவில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து சீற்காரன் பார்க்கும்படியாக, அம்மாவின் அப்பமாவின் வெப்பத்தை நான் பார்க்கிற காட்சி கண்ணுக்குள் ஓடியது. கட்டைவிரலுக்கு எட்டுப் பொருத்தம் இருந்தது, வைஃபைக்காரனுக்கு ஐந்து. கட்டத்தில் புதிதாக நான்கு பொருத்தத்தைச் சேர்த்து அவனையே எடுத்தேன்.

பாவம், பலகையில் ஒரு பிழையும் இல்லை. அவனுக்குப் புத்தி சொல்லிக்கொடுத்தவன் நான். வைஃபையோடு பேசு, பேசிவிட்டு வெப்பத்தைப் பார், பார்த்துவிட்டுப் பாயை எரி அல்லது அணை என்று எழுதியிருந்தேன். வைஃபை அறுந்துபோனால் என்ன செய்வதென்று எழுதவில்லை. எழுதாவிட்டால் அவன் என்ன செய்வான்? எதிராளி பேசும்வரை காத்திருப்பான். வைஃபை திரும்பி வந்தாலும் ரோசக்காரன், தானாகப் போய்ப் பேசமாட்டான். யாராவது முதுகில் தட்டி முதலிலிருந்து தொடங்கவைக்க வேண்டும். அதுவரை பாய் எரிந்துகொண்டிருந்தால் எரிந்துகொண்டே இருக்கும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லோருக்கும் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளி பின்னேரம் அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மா அரைத்துக் கரைத்தார். வாளிகளைப் பெட்டிக்குள் இறக்கி, பெட்டியை ஹீற்றர் ரூமில் வைத்தோம். நாங்கள் இருந்தது ஒரு பங்களோவின் கீழ்த்தளம். வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம், கரன்ட் பெட்டி, வீட்டுக்காரரின் பழைய ஸ்கீ எல்லாம் அந்த ரூமில்தான். காலையில் எழும்பிப் பெட்டியின் வெப்பத்தைப் பார்த்தேன். இருபத்தாறு பாகை. மா அப்போதுதான் மெல்லக் குமிழி விடத் தொடங்கியிருந்தது. அம்மா மூடியைத் தூக்கி மணந்துபார்த்து, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். மத்தியானம் எடுத்தால் சரியாக இருக்கும்.

நான் கொலிஜ் இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் புறப்பட்டேன். மொன்றியல் தீவின் ஒரு கரையையும் தாண்டி நாங்கள் இருந்தோம். கொலிஜ் மற்ற நுனியில். மெத்ரோவில் மஞ்சள் லைன், பச்சை லைன், பிறகு நித்திரை கொண்டு எழும்பினாலும் முடியாத ஒரு பஸ். அன்றைக்கு அங்கே திறந்த நாள். புதிதாகச் சேர நினைக்கிற பிள்ளைகளும் பெற்றோரும் வந்து பார்ப்பார்கள். எங்கள் பிரிவின் மேசையில் நிற்க நானாகப் பெயர் கொடுத்திருந்தேன். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

நான் போய்ச் சேர்வதற்கிடையில் வீட்டில் அப்பா தன் காலைக் கடமையைச் செய்திருக்கிறார். யாரும் ரி.வி. பார்க்கவில்லை என்றால் ரி.வி.க்குப் பின்னால் உள்ள நீளப் பிளக்கின் சிவப்புச் சுவிட்சை அணைத்துவிடுவார். மட்டக்களப்பில் மின்னலுக்குப் பயந்து பழகிய கை. இங்கே பெப்ரவரியில் மின்னல் ஏது? "சும்மா எரியுது" என்பார். வைஃபைப் பெட்டியும் அதே பிளக்கில்தான் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பொருத்தம் பார்த்தேன்.

கொலிஜில் என் மேசை களைகட்டியது. ரெலிபோனை நிமிர்த்தி வைத்து, "இது என் வீட்டில் இந்த நிமிடம் புளித்துக்கொண்டிருக்கிற மா" என்று விளக்கினேன். இருபத்தாறு பாகை. அரை மணித்தியாலம் கழித்து வந்தவர்களுக்கும் இருபத்தாறு. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதேதான். "பாருங்கள், புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்கூட அசையவில்லை" என்றேன். ஒரு தகப்பன் தன் மகனின் தோளில் தட்டி, பார்த்துக்கொள் என்பதுபோலக் கண் காட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

எங்கள் ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். மெலிந்த, அவசரமே இல்லாத மனிதர். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "இவ்வளவு அசையாமல் நிற்கிற இலக்கத்தை நான் இரண்டு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று, மிக நன்றாகச் செய்த இயந்திரம். மற்றது, செத்துப்போன இயந்திரம். கடைசியாக எப்போது செய்தி வந்தது என்று பார்த்தாயா?"

பார்த்தேன். நான் பஸ்ஸில் இருந்த நேரத்தில் வந்தது.

ரெலிபோனை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஓடினேன். அப்பாதான் எடுத்தார். டவுன்டவுன் உணவகத்தில் வெள்ளி இரவு முழுக்கப் பாத்திரம் கழுவிவிட்டு வந்த குரல். ரி.வி. சுவிட்சைப் போடச் சொன்னேன், போட்டார். வைஃபை வந்தது. இலக்கம் அசையவில்லை. பெட்டி தொட்டால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போய்த் தொட்டுவிட்டு வந்து, நல்ல சூடு, குளிருக்கு இதமாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் பாய் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது மூன்று சொல். "வயரைக் கழட்டுங்க அப்பா." அப்பா எதையும் கழற்றுவார். கழற்றுவது அவருக்குப் பிடித்த வேலை. ஆனால் பக்கத்தில் ஆசிரியர் நின்றார், மேசையைச் சுற்றிப் பெற்றோர் நின்றார்கள், என் வாய் படித்த வாய்.

"அப்பா, அதை றீபூட் பண்ணுங்க."

"பூட்டவா?"

"ஓம், றீபூட். கெதியா."

ரெலிபோனைக் கீழே வைக்கிற சத்தம். நடக்கிற சத்தம். ஒரு கிளிக். திரும்பி நடக்கிற சத்தம்.

"பூட்டிட்டன் மனே."

திரையைப் பார்த்தேன். இருபத்தாறு. "இன்னும் அப்பிடியே நிக்குது. இன்னொருக்காப் பண்ணுங்க."

அப்பா யோசித்தார். "ரெண்டாந்தரம் எப்பிடிப் பூட்டுற?" என்றார். பிறகு, படித்த பிள்ளை சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். "சரி, மேல கொண்டியையும் போட்டுட்டன்."

கொண்டி என்ற சொல் என் மூளைக்குள் போய், உட்கார இடம் தேடியது. அந்தப் பலகையில் கொண்டி இல்லை.

"அப்பா, பச்சை லைட் எரியுதா?"

"அது உள்ளுக்குத்தானே இரிக்கு."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"வெளிய. பூட்டினா வெளியதானே மனே நிக்கோணும்."

சூடு வெளியே போகாமல் இருக்க ஹீற்றர் ரூம் கதவைப் பூட்டச் சொல்கிறேன் என்று விளங்கி, கைபிடியின் பொத்தானை அமத்தி இழுத்துச் சாத்தியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. என் சொல்லைவிட அவருடைய விளக்கத்தில்தான் அர்த்தம் கூட. சாவி எங்கே என்று கேட்டேன். உள்ளே, கரன்ட் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது என்றார். வீட்டுக்காரர் அப்படித்தான் தொங்கவிட்டுப் போயிருந்தார். மற்றச் சாவி அவரோடு புளோரிடாவில். மெயின் சுவிட்சை அணைத்தால் பாய் நின்றுவிடும், ஆனால் மெயின் சுவிட்சும் அதே ரூமுக்குள். நான் பெட்டியை வைத்த இடத்தை நினைத்து நினைத்து மெச்சினேன்.

பின்னால் தங்கச்சியின் குரல் கேட்டது. நித்திரையால் எழும்பி வந்திருக்கிறாள். என்ன நடந்தது என்று கேட்டாள், அப்பா சொன்னார். பிறகு ரெலிபோனை வாங்கி, "அண்ணா, நீ சொன்னது இங்கிலீசு. அப்பா கேட்டது தமிழ்" என்றாள். அதற்கு மேல் அவளால் கதைக்க முடியவில்லை. சிரிக்கிறாள். அவள் சிரிப்பு நடுவில் நின்று, அப்பா திரும்ப லைனுக்கு வந்தார்.

"மனே, கதவுக்குக் கீழால மா வருது."

ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார். நீ போ, மேசையை நான் பார்க்கிறேன் என்றார். நான் போகும்போது, இது பரீட்சைப் புள்ளியில் சேராது, ஆனால் முடிவை எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸும் மெத்ரோவும் அன்றைக்கு வேண்டுமென்றே ஊர்ந்தன. தங்கச்சி படம் அனுப்பிக்கொண்டேயிருந்தாள். முதல் படத்தில் கதவடியில் ஒரு வெள்ளைக் கோடு. அடுத்ததில் அது நாக்கு மாதிரி. அதற்கடுத்ததில் அம்மா தரையில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, பனிச் சப்பாத்துகளைக் கழற்றி வைக்கிற தட்டை வைத்து மாவுக்கு அணை கட்டிக்கொண்டிருந்தார். அந்த முழங்காலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ரெலிபோனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மெத்ரோவில் பக்கத்து சீற்காரன் உண்மையாகவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவை உடைக்க அப்பா தயாராக இருந்தாராம். வீட்டுக்காரரின் கதவு, தொடக்கூடாது என்று அம்மா மறித்துவிட்டார். பூட்டுத் திறக்கிறவருக்குத் தங்கச்சி பிரெஞ்சில் ரெலிபோன் எடுத்திருக்கிறாள். உள்ளே ஆள் யாராவது அகப்பட்டிருக்கிறார்களா என்று அவர் கேட்டார். இல்லை, மா என்றாள். பிரெஞ்சில் மாவுக்கும் பாஸ்தாவுக்கும் ஏறக்குறைய ஒரே சொல். பாஸ்தாவுக்காகவா அவசரம் என்று அவர் கேட்டிருக்கிறார். ஓம், எண்பது பேருக்கு என்றாள். சரி, வருகிறேன் என்றார்.

நான் படியிறங்கி உள்ளே போனதும், அவர் தன் ஆயுதப் பையோடு என் பின்னால் இறங்கியதும், மாவை ஏற்றிப்போக ஸ்டெல்லா அன்ரி அவருக்குப் பின்னால் இறங்கியதும் ஒரே நேரம். நாங்கள் மூவரும் ஊர்வலம் மாதிரி உள்ளே போனோம். வீடு முழுக்கக் கள்ளுத் தவறணை மணம். அப்பா கதவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். என்னைப் பார்த்ததும், "எனக்குத்தான் விளங்கல்ல மனே" என்றார். நான் வழி முழுக்க வசவு வாங்கத் தயாராகி வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

பூட்டுத் திறக்க வந்தவர் குனிந்து ஏதோ செய்தார். கிளிக் என்று கதவு திறந்தது. ரூம் தன்னிடம் இருந்ததையெல்லாம் எங்களுக்குத் தந்தது. வெதுவெதுப்பான, நுரைத்த, வெள்ளை அப்பமா அணையை உடைத்துக்கொண்டு வந்து அவருடைய பனிக்காலப் பூட்ஸின் மேலேறி உள்ளேயும் போனது. அன்றைக்கு அந்த வீட்டில் அது மூன்றாவது பூட்.

அவர் ஒரு சொல் சொன்னார். இந்தக் கெபெக் மாகாணத்துக்காரர்கள் கோபம் வந்தால் கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். எங்கள் அம்மாவுக்கு அது தெரியாது. என்ன சொல்கிறார் என்று ஸ்டெல்லா அன்ரியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்டுமில்லை அக்கா" என்றார் அன்ரி. "கோயில்ல நற்கருணை வைக்கிற பெட்டியின்ர பேர். உங்கட மகன்ர பெட்டியைப் பாத்தோண்ண அவருக்கு அது ஞாபகம் வந்திட்டுது."

அம்மா சிரிக்கவில்லை. நான் உள்ளே பாய்ந்து பாயின் வயரைக் கழற்றினேன். (மூன்று சொல் வேலை. மூன்று செக்கன்.) பாய்க்கு நேர் மேலே இருந்த வாளி முடிந்துபோயிருந்தது. மேலே பொங்கி வெளியேறியது போக, அடியில் மிஞ்சியது வெந்து, ஒரு பெரிய வட்டக் களியாக உட்கார்ந்திருந்தது. மற்ற வாளியைப் பெட்டியின் ஓரத்தில், பாய் எட்டாத பக்கமாக வைத்திருந்தோம். அம்மா கையை விட்டுப் பார்த்தார். மணந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். நாங்கள் எல்லோரும், அந்தப் பூட்டுக்காரரும் சேர்த்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது சரியா இரிக்கு" என்றார். பிறகு ஸ்டெல்லா அன்ரியைப் பார்த்து, "ஆனா பாதிப் பேருக்குத்தான் காணும். நீங்க முன்னுக்குத் தந்த காசைத் திருப்பித் தாறன் தங்கச்சி" என்றார். குரல் உடையவில்லை. இரவு வேலைக்கு லீவு கேட்கிற குரல் அது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்டெல்லா அன்ரி கோட்டைக் கழற்றினார். அப்படியே பூட்ஸையும் கழற்றி, மாவில்லாத இடம் பார்த்து வைத்தார். "அக்கா, காசு கதையைப் பேந்து பாப்பம். அப்பம் சின்னப் பிள்ளைகளுக்கும் வயசாளிகளுக்கும். மற்ற ஆக்கள் ரொட்டி தின்னட்டும். உங்களிட்ட கோதுமை மா கிடக்கோ?"

கிடந்தது. தேங்காய்ப்பூவும் கிடந்தது. அன்ரி மண்டபத்துக்கு ரெலிபோன் எடுத்து இன்னும் மூன்று பெண்களைக் கூப்பிட்டார். "ஒரு பொடியன் கொம்பியூட்டரால மாவைச் சாகடிச்சுப்போட்டான், வாங்கோ" என்றுதான் செய்தி சொன்னார். பின்னேரத்துக்குள் கோயில் மண்டபத்துச் சமையலறையில் அம்மா அப்பச்சட்டியைச் சுழற்ற, யாழ்ப்பாணத்துப் பெண்கள் ரொட்டி தட்ட, என் அப்பா சம்பலுக்கு மிளகாய் இடிக்க, படித்தவனாகிய நான் தட்டுக் கழுவினேன். அப்பா ஒருதரம் வந்து, நான் தட்டு அடுக்குகிற முறை பிழை என்று திருத்திவிட்டுப் போனார். அது அவருடைய துறை.

விருந்தில் என் புகழ் எனக்கு முன்பே பரவியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு ஐயா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "தம்பிதானோ அந்த வைஃபை?" என்று கேட்டார். ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி போகும்போது வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு, சாவியை நீட்டினார். "தம்பி, எல்லாரும் போன பிறகு மண்டபத்தை றீபூட் பண்ணிவிடும்." நான் பூட்டினேன். ஒரே தரத்தில்.

அம்மா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அன்ரி வந்தார். அம்மா கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அன்ரி சொன்னது எனக்கு இன்னும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, அப்பம் கிடைக்காத ஆக்கள் எல்லாம் என்னைப் பிடிச்சுப் பேசினம். வாற கிழமை வையுங்கோ எண்டு கேக்கினம். வாற கிழமையில இருந்து ஞாயிறு உங்கட. ஒண்டு மட்டும் சொல்லுறன். உங்கட மகனை நல்லாப் படிப்பியுங்கோ. மாவுக்குக் கிட்ட விடாதேங்கோ."

அம்மா அப்போதுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே அங்கேயிருந்த கதிரையில் உட்கார்ந்தார், உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். அந்த வசந்தத்தில் இரவு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது காலையில் நாங்கள் எழும்பும்போது அவரும் எங்களைப் போலவே தூக்கக் கலக்கத்தோடு கட்டிலிலிருந்து எழும்பி வருகிறார். படி இறங்கும்போது முழங்கால் இன்னும் நோகிறதுதான். கோடையில் கேட்டால் "நல்லா இரிக்கு" என்கிறார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. இதை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம். அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது, பிள்ளை சரியாகத்தான் சொன்னது, எனக்கு விளங்கவில்லை என்று இன்னும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறார். நான் மறிப்பேன், அவர் விடமாட்டார், தங்கச்சி இரண்டு பேரையும் நடித்துக் காட்டுவாள். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எங்கள் குடும்பத்தில் யாரும் "கதவைப் பூட்டியாச்சா" என்று கேட்பதில்லை. "றீபூட் பண்ணியாச்சா" என்றுதான். மருமகள் என்று ஒருத்தி ஒருநாள் வந்தால், முதல் வாரத்திலேயே குழம்பப்போகிறாள்.

அடுத்த பனிக்காலத்தில் அம்மாவே கூப்பிட்டு, வேறு ஒரு பெட்டி செய்து தரச் சொன்னார். (ஸ்டெல்லா அன்ரிக்கு இன்னும் தெரியாது.) மூலையில் பேசாமல் கிடந்த கட்டைவிரலை எடுத்தேன். வைஃபை இல்லை, படம் இல்லை, ரெலிபோனில் ஒன்றும் தெரியாது. சூடு கூடினால் அணைக்கும், குறைந்தால் எரிக்கும். வெளியே ஒரே ஒரு பொத்தான், அதன் மேல் அம்மாவின் கையெழுத்தில் "நிப்பாட்டு" என்று ஒட்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையின் கணக்கை அப்பா மறுநாள் சமையலறை மேசையில் கூட்டினார். சனிக்கிழமை அவசரத்துக்கு வந்த பூட்டுக்காரர், அவருடைய பூட்ஸைக் கழுவிக்கொள்ள அவர் கேட்காமலே அம்மா அவர் கையில் வைத்த காசு, ஒரு வாளி மா, தேங்காய்ப்பால், திறந்தபோது பழுதான வீட்டுக்காரரின் கைபிடிக்குப் பதில் புதுசு, அவரிடம் சொல்லாமல் வாங்கிய தரைப்பலகை இரண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு, என் பகுதிநேர வேலைக் காசிலிருந்து தருகிறேன் என்றேன். அப்பா என் கையைத் தள்ளிவிட்டார். கொலிஜில் ஒரு தவணைக்கு உன்னிடம் எடுக்கிறது இதைவிடக் குறைவு, அதற்கு நீ படித்தது இவ்வளவு இல்லை, இதையும் படிப்புச் செலவில் போடுவோம் என்றார். மொத்தம் முந்நூற்று எண்பத்தேழு டொலர் நாற்பது சதம்.